கட்டினால் போதுமா? அவிழ்க்கவும் தெரிய வேண்டாமா?



வயலில் நாற்று நடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் நெருக்கமாக வளர்ந்த நாற்றைப் பறிப்பார்கள். வேரில் ஒட்டிய சேற்றைத் தண்ணீரில் அலசுவார்கள். கைக்கு அடங்கும் அளவு சேர்த்து, ஒரு முடியாகக் கட்டுவார்கள். அந்த நாற்று முடிகளை நடவு வயலுக்குக் கொண்டு போய், அங்கங்கே வீசுவார்கள். நடவு செய்பவர்கள் முடியை எடுத்து, கட்டை அவிழ்த்து, இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து ஊன்றுவார்கள்.

நாற்றை ஏன் கட்ட வேண்டும்? ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டு போனால் பொழுது சாய்ந்துவிடும்! சரி, கட்டியதை ஏன் அவிழ்க்க வேண்டும்? முடியோடு நட்டால் பயிர் வளருமா? நெருக்கத்தில் அழுகித்தான் போகும்.

கொண்டு போகக் கட்ட வேண்டும். வேலை செய்ய அவிழ்க்க வேண்டும். எதை எப்போது செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்!

கம்ப்யூட்டரில் படம் வரைபவர்களும் நாள் முழுவதும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். கட்டுவதற்கு 'குரூப்' என்றும், அவிழ்ப்பதற்கு 'அன்குரூப்' என்றும் பெயர். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, பட்டுப் புடவைக் கரை, பாடப் புத்தக அட்டை எல்லாமே இந்த இரண்டு வித்தைகளால்தான் உருவாகின்றன. இதைப் பற்றி இன்று விரிவாகப் பார்ப்போமா?

படத்துக்கும் மாடி உண்டு!

முதலில் 'லேயர்' என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். லேயர் என்றால் அடுக்கு.

உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்கு அடுக்கு என்றால் உடனே புரிந்துவிடும். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்களில் சன்னிதிகள் இருக்கின்றன. கீழே நின்ற கோலம், நடுவில் அமர்ந்த கோலம், மேலே சயனக் கோலம். வெளியே நின்று பார்த்தால் ஒரே விமானம். உள்ளே போனால் மூன்று தளங்கள்!

கம்ப்யூட்டர் படமும் அப்படித்தான். பார்க்க ஒரே படம். உள்ளே பல அடுக்குகள். அடியில் வானம், அதற்கு மேல் மலை, அதற்கு மேல் மரம், எல்லாவற்றுக்கும் மேலே ஓடும் பேருந்து. ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் வரைந்தது போல இருக்கும். பேருந்தை நகர்த்தினால் மரம் அழியாது. மரத்தை எடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் மலை தெரியும்.

இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தை அல்ல. கார்ட்டூன் படம் எடுத்தவர்கள் முன்பே கண்டுபிடித்தது. அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் என்பவர் 1915ஆம் ஆண்டில் செல்லுலாய்டு தாள் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னணியை ஒரே ஒரு முறை வரைந்துகொள்வார்கள். நடக்கும் பொம்மையை மட்டும் ஒளி ஊடுருவும் தாளில் மாற்றி மாற்றி வரைந்து அதன்மேல் வைப்பார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் வீடு, வாசல், மரம் என்று எல்லாவற்றையும் மறுபடி வரையும் தொல்லை தீர்ந்தது!

கம்ப்யூட்டருக்கு வருவோம். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் என்பவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். திரையில் ஒளிப்பேனாவால் கோடு போடலாம். பல கோடுகளைச் சேர்த்து ஓர் உருவமாக வைத்துக்கொண்டு, அதை வேண்டிய இடத்தில் எல்லாம் பதிக்கலாம். மூல உருவத்தைத் திருத்தினால், பதித்த இடங்களில் எல்லாம் தானாகவே திருந்திவிடும்! பல கோடுகளை 'ஒரே பொருள்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வித்தை அன்றே தொடங்கிவிட்டது.

போட்டோஷாப் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. அதில் லேயர் வசதி 1994இல், மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடிய 'கிம்ப்' மென்பொருளில் லேயர்களைக் கட்டாக்கும் வசதி 2012இல், 2.8 பதிப்பில் வந்தது.

கன்ட்ரோலும் ஜி-யும்

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஓர் அழைப்பிதழ் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு குத்துவிளக்கு. அதை எப்படி வரைவீர்கள்? அடிப்பாகம் ஒரு வடிவம். தண்டு ஒரு வடிவம். அகல் ஒன்று. ஐந்து சுடர்கள். மொத்தம் எட்டுத் துண்டுகள்.

விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். சுட்டியால் பிடித்து இழுக்கிறீர்கள். ஐயோ! தண்டு மட்டும் வருகிறது. சுடர்கள் பழைய இடத்திலேயே அந்தரத்தில் எரிகின்றன!

இங்கேதான் கட்டு தேவைப்படுகிறது. எட்டுத் துண்டுகளையும் தேர்வு செய்யுங்கள். 'கன்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு 'ஜி' எழுத்தைத் தட்டுங்கள். அவ்வளவுதான், எட்டும் ஒரு கட்டு! இனி நகர்த்தினால் எல்லாம் சேர்ந்து நகரும். பெரிதாக்கினால் சேர்ந்து பெரிதாகும். சாய்த்தால் சேர்ந்து சாயும். ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் உள்ள இடைவெளி கெடாது.

அவிழ்க்க வேண்டுமா? இலவச மென்பொருளான 'இங்க்ஸ்கேப்'பிலும், போட்டோஷாப்பிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 'ஜி' தட்ட வேண்டும். நம் ஊர் அச்சகங்களில் அதிகம் புழங்கும் கோரல்டிராவில் கன்ட்ரோலும் 'யு'வும். கிம்ப் மென்பொருளில் லேயர்ப் பட்டியலுக்கு அடியில் உள்ள சிறிய உறைப் படத்தைத் தட்டினால் புதுக் கட்டு உருவாகும். அதற்குள் வேண்டிய லேயர்களை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய குரூப்!

இப்போது ஓர் ஆச்சரியமான செய்தி. கட்டுவது, கட்டுக்குப் பெயர் வைப்பது, அவிழ்ப்பது, அதிலிருந்து ஒன்றை எடுப்பது ஆகிய நான்கையும் வரிசை தவறாமல் செய்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்த ஊர் நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் உத்திரமேரூர்!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விதிகளைச் சொல்கின்றன. அதுதான் நாம் சமூக அறிவியலில் படிக்கும் குடவோலை முறை.

படித்திருக்கிறோமே என்கிறீர்களா? 'பானையில் ஓலை போட்டு எடுத்தார்கள்' என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஓலை எப்படிப் போனது, எப்படி வந்தது என்று பாருங்கள்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதினார்கள். ஒரு குடும்பின் ஓலைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார்கள். அந்தக் கட்டின்மேல், அது எந்தக் குடும்பு என்று காட்டும் ஓலை ஒன்றையும் வைத்தார்கள். இப்படி 30 கட்டுகள். அத்தனையும் ஒரு குடத்துக்குள் போயின.

மகாசபை கூடியிருக்கும். அங்குள்ள நம்பிமாரில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்ன என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டில் உள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்துக் கலப்பார்கள். மறுபடி அந்தச் சிறுவன் ஒரே ஓர் ஓலையை எடுத்து மத்யஸ்தர் கையில் கொடுப்பான். அவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்க முடியாதல்லவா? அவர் பெயரைப் படிப்பார். அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் படிப்பார்கள். இப்படியே 30 குடும்புக்கும் ஒவ்வொருவர்.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். ஏன் கட்ட வேண்டும்? எல்லா ஓலையையும் மொத்தமாகக் குடத்தில் கொட்டிக் குலுக்கியிருக்கலாமே? அப்படிச் செய்தால் அதிகப் பேர் உள்ள குடும்பிலிருந்தே ஐந்தாறு பேர் வந்துவிடலாம். சின்னக் குடும்புக்கு ஒருவர்கூடக் கிடைக்காமல் போகலாம். கட்டியதால்தான் ஒவ்வொரு குடும்புக்கும் ஓர் ஆள் உறுதியானது.

சரி, ஏன் அவிழ்க்க வேண்டும்? அவிழ்க்காவிட்டால் கையில் இருப்பது ஒரு கட்டுதான். அதிலிருந்து ஒருவரைப் பிரித்து எடுக்க முடியாது.

கட்டு நியாயத்துக்கு. அவிழ்ப்பு தேர்வுக்கு. இரண்டில் எது குறைந்தாலும் முறை நடக்காது!

இன்னும் இருக்கிறது. தேர்ந்தெடுத்த 30 பேரையும் மீண்டும் வேறு விதமாகக் கட்டினார்கள். 12 பேர் ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். கூட்டிப் பாருங்கள், முப்பது! முதலில் எந்தக் குடும்பு என்பதை வைத்துக் கட்டு. பிறகு என்ன வேலை என்பதை வைத்துக் கட்டு. அதே ஆட்கள்தான், கட்டு மட்டும் மாறிவிட்டது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சபை நிலம் வைத்திருந்த, வேதம் கற்ற அந்தணர்களின் சபை. 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. பெண்களுக்கும் நிலமில்லாத உழைப்பாளிகளுக்கும் அதில் இடமில்லை. 18 வயதான எல்லோருக்கும் ஓட்டு இருக்கும் இன்றைய தேர்தலோடு அதை ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனாலும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வழியில் இருந்த அந்தக் கவனம் இன்றைக்கும் நாம் படிக்க வேண்டிய பாடம்.

பெயரில்லாக் கட்டு வேண்டாம்

ஓலைக் கட்டின்மேல் குடும்பின் பெயர் இருந்தது அல்லவா? கம்ப்யூட்டரிலும் அதைச் செய்ய வேண்டும். இது பலரும் விட்டுவிடும் வேலை.

நீங்கள் பெயர் வைக்காவிட்டால் மென்பொருளே 'குரூப் 1', 'குரூப் 2' என்று வைத்துக்கொண்டு போகும். நாற்பது கட்டு சேர்ந்த பிறகு, குத்துவிளக்கு எது, தோரணம் எது என்று யாருக்குத் தெரியும்? பட்டியலில் அந்தப் பெயரை இருமுறை தட்டினால் மாற்றி எழுதலாம். 'விளக்கு', 'தோரணம்', 'தேதி நேரம்' என்று தமிழிலேயே எழுதலாம். கம்ப்யூட்டர் மறுக்காது!

இன்னொரு செய்தி. கட்டை அவிழ்த்தால் அந்தப் பெயரும் போய்விடும். திரும்பக் கட்டும்போது மறுபடி எழுத வேண்டும். ஆகவே காரணமில்லாமல் அவிழ்க்காதீர்கள். ஒரே ஒரு சுடரின் நிறத்தை மாற்ற வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப்பில் கட்டின்மேல் இருமுறை தட்டுங்கள். கட்டுக்கு உள்ளேயே போய்விடலாம். திருத்திவிட்டு வெளியே வரலாம். கதவைத் திறந்து உள்ளே போக முடியும்போது வீட்டை இடிப்பானேன்?

கட்டுக்குள் கட்டு, புடவைக்குள் மயில்

கட்டுகளைச் சேர்த்துப் பெரிய கட்டாகவும் கட்டலாம். இதற்குக் காஞ்சிபுரம் பட்டுப் புடவையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

புடவையை விரித்தால் மூன்று பகுதிகள் தெரியும். உடல், கரை, முந்தானை. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடும். உடல் நூலும் கரை நூலும் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும்படி நெய்வார்கள். தனித்தனியாக இருந்தும் ஒன்றாகவே நிற்கும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முன்பெல்லாம் புடவை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைவார்கள். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை உள்ள அட்டைகள் ஜக்கார்டு இயந்திரத்தில் வரிசையாகச் சுழலும். எந்த நூல் மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அந்தத் துளைகளே சொல்லும். இந்த இயந்திரத்தைப் பிரான்சு நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கினார். இன்று அந்தக் கட்டம் நிரப்பும் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு கரையை எப்படிக் கட்டுவார்கள் என்று பாருங்கள். கொண்டை, கழுத்து, தோகை சேர்ந்து ஒரு மயில். மயிலும் அதைச் சுற்றி ஒரு வட்டமும் சேர்ந்து ஒரு சக்கரம். பல சக்கரங்கள் சேர்ந்து ஒரு வரிசை. அந்த வரிசையும் கோபுர வரிசையும் சேர்ந்து கரை. கட்டுக்குள் கட்டு, அதற்குள் இன்னொரு கட்டு!

இப்படிக் கட்டியிருக்கும்போது ஒரு முறை அவிழ்த்தால் வெளிக்கட்டு மட்டும்தான் அவிழும். 'அன்குரூப் கொடுத்தேன், ஆனால் மயில் தனியாக வரவில்லையே' என்று திகைக்காதீர்கள். உள்ளே இன்னும் முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டே போக வேண்டும்.

கட்டுவது வேறு, ஒட்டுவது வேறு

பிள்ளைகளே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

'குரூப்' என்பதற்குப் பக்கத்திலேயே 'மெர்ஜ்', 'ஃப்ளாட்டன்' என்று வேறு கட்டளைகளும் இருக்கும். பார்த்தால் ஒன்று போலத் தெரியும். இரண்டும் பல அடுக்குகளை ஒன்றாக்குகின்றன. ஆனால் குரூப் என்பது கயிற்றால் கட்டுவது. மெர்ஜ் என்பது பசை போட்டு ஒட்டுவது. கயிற்றை அவிழ்க்கலாம். பசையை? கிழித்துத்தான் எடுக்க வேண்டும்!

எங்கள் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபைக் கூட்டம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் கெட்டிக்கார மாணவன் ஒருவன் அறிவிப்பு நோட்டீஸ் செய்து கொடுத்தான். மூவண்ணப் பின்னணி, காந்தி படம், அழகான எழுத்துகள். 'ஃபைல் சின்னதாகும்' என்று எல்லா லேயரையும் ஒட்டி ஒரே படமாக்கி, ஜேபெக் கோப்பாக மட்டும் சேமித்துவிட்டு மூடிவிட்டான்.

மறுநாள் கூட்ட நேரம் 11 மணியிலிருந்து 10 மணிக்கு மாறியது. மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண்! ஆனால் எண் தனியாக இல்லை. பின்னணியோடு ஒட்டிக் கிடந்தது. பிள்ளை என்ன செய்வான்? பழைய எண்ணின்மேல் ஒரு பச்சைப் பட்டையை வைத்து, அதன்மேல் '10' என்று அடித்தான். திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது பட்டை கறுத்துவிட்டது. எண் அதற்குள் மறைந்துவிட்டது.

நேரம் தெரியாததால் சிலர் வழக்கம்போல 11 மணி என்றே நினைத்துக்கொண்டார்கள். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த ஒரு பாட்டி, குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து சேர்ந்தபோது, தீர்மானங்களை வாசித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். தம் தெருக் குறையைச் சபையில் சொல்ல அவர் அக்டோபர் 2ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

யார்மேலும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மாணவன் கூலி வாங்காமல் ஊருக்காகச் செய்த வேலை அது. ஆனால் ஒரு கட்டளைக்கும் இன்னொரு கட்டளைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தெருவின் தண்ணீர் வரை போகும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அக்டோபர் நோட்டீஸை அதே மாணவன்தான் செய்தான். 'தேதி நேரம்' என்று தனிக் கட்டு வைத்திருந்தான். கறுப்பு வெள்ளையில் ஒரு முறை எடுத்தும் பார்த்துக்கொண்டான். பாட்டியும் நேரத்துக்கு வந்துவிட்டார்!

அப்படியானால் ஒட்டவே கூடாதா? அப்படியும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பவும், அச்சுக்குக் கொடுக்கவும் ஒரே படமாக ஆக்கத்தான் வேண்டும். ஆனால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப்பில் 'எஸ்விஜி', கிம்ப்பில் 'எக்ஸ்சிஎஃப்', போட்டோஷாப்பில் 'பிஎஸ்டி' கோப்புகள் அடுக்குகளைக் காப்பாற்றும். ஜேபெக் கோப்பு காப்பாற்றாது. தவறி ஒட்டிவிட்டால் உடனே கன்ட்ரோலும் 'இசட்'டும் தட்டினால் பழைய நிலைக்கு வரலாம். கோப்பை மூடிவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.

கட்டும்போது ஒரு கவனம்

கண்ணாடித் தாள்கள் ஐந்து அடுக்கி இருக்கின்றன. மேலிருந்து எண்ணினால் ஒன்றாவதில் பேருந்து, மூன்றாவதில் மரம், ஐந்தாவதில் மலை. பேருந்தையும் மலையையும் மட்டும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். இப்போது மலை எங்கே இருக்கும்?

பல மென்பொருள்களில் கட்டு முழுவதும் மேலே இருக்கும் பொருளின் இடத்துக்குப் போய்விடும். பேருந்தோடு சேர்ந்து மலையும் மேலே ஏறிவிடும். நடுவில் இருந்த மரம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும்! பயந்து உடனே அன்குரூப் கொடுத்தாலும் மலை பழைய இடத்துக்குத் தானாக இறங்காது. நாம்தான் இறக்கி வைக்க வேண்டும். ஆகவே அடுத்தடுத்து இருக்கும் அடுக்குகளை மட்டும் சேர்த்துக் கட்டுவதே நல்லது.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்று பாதி படிந்திருக்கும் இரண்டு இலைகளைத் தனித்தனியாகப் பாதி மங்கலாக்கினால், படிந்த இடம் மட்டும் அழுத்தமாகத் தெரியும். இரண்டையும் கட்டி, கட்டையே மங்கலாக்கினால் எல்லா இடமும் ஒரே சீராக மங்கும். கட்டிவிட்டால் கம்ப்யூட்டர் அதை ஒரே பொருளாகவே நினைக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி!

360 நாள் முடிந்தால் கலைத்துவிடு

மறுபடி உத்திரமேரூருக்குப் போவோம். 30 பேரை மூன்று வாரியங்களாகக் கட்டினார்கள் என்று பார்த்தோம். அந்தக் கட்டு எத்தனை நாளைக்கு? 360 நாளைக்குத்தான்! அது முடிந்ததும் அவர்கள் விலக வேண்டும். அடுத்த மூன்று ஆண்டுக்குள் திரும்ப வரவும் முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களுக்கு மறுபடி ஓலை எழுதக் கூடாது, அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் கூடாது என்று கல்வெட்டு கண்டிப்பாகச் சொல்கிறது.

அந்த வாரியங்கள் கயிற்றால் கட்டியவை. பசையால் ஒட்டியவை அல்ல. பதவியோடு ஒட்டிக்கொண்டவரை எடுப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைய பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கட்டும்போதே எப்போது அவிழ்ப்பது என்பதையும் எழுதி வைத்தார்கள்.

நாளைக்கு உங்கள் வகுப்பில் துப்புரவுக் குழு, நூலகக் குழு, தோட்டக் குழு என்று பிரிப்பீர்கள். ஒரே நண்பர்களே ஆண்டு முழுவதும் ஒரே குழுவில் இருக்கலாமா? மாதம் ஒரு முறை கலைத்து, குடவோலை எடுத்து, புதிதாகக் கட்டிப் பாருங்களேன். பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்!

செய்து பாருங்கள்!

கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு:

1. பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்திலோ வீட்டிலோ இங்க்ஸ்கேப் திறந்து, ஒரு தாமரை இதழ் வரையுங்கள்.

2. அதை நகல் எடுத்து 45 பாகை திருப்புங்கள். இப்படியே எட்டு இதழ்கள். எட்டு முறை 45 என்றால் 360, ஒரு முழு வட்டம்!

3. எட்டையும் கட்டி 'இதழ்கள்' என்று பெயர் வையுங்கள்.

4. நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் போடுங்கள். வட்டத்தையும் 'இதழ்கள்' கட்டையும் சேர்த்துக் கட்டி 'தாமரை' என்று பெயர் வையுங்கள்.

5. தாமரையை நகல் எடுத்து, வரிசையாக ஐந்து வையுங்கள். ஐந்தையும் சேர்த்துக் கட்டி 'கரை' என்று பெயர் வையுங்கள். உங்கள் புடவைக் கரை தயார்!

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு:

நோட்டுக்குப் போடும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அட்டையில் மூன்று துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் மலை, ஒன்றில் மரம், ஒன்றில் பேருந்து வரையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு பக்கம் மட்டும் கிளிப் போடுங்கள். அது குரூப். கிளிப்பை எடுத்தால் அன்குரூப். மூன்றையும் ஒரே தாளில் வரைந்துவிட்டால்? அதுதான் ஃப்ளாட்டன்! மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும்.

மூளைக்கு வேலை

அ) மேலே செய்த கரையில் வெளிக்கட்டில் தொடங்கி, ஒரே ஒரு தாமரை இதழைத் தனியாக எடுக்க எத்தனை முறை அவிழ்க்க வேண்டும்?

ஆ) கரை முழுவதையும் ஒரு முடிச்சும் இல்லாமல் அவிழ்த்துவிட்டால் மொத்தம் எத்தனை துண்டுகள் இருக்கும்?

இ) உத்திரமேரூரில் 30 குடும்புக்கும் ஆள் எடுத்து முடிக்க, அந்தச் சிறுவன் மொத்தம் எத்தனை முறை குடத்துக்குள் கைவிட்டிருப்பான்?

விடைகள்: அ) மூன்று முறை. கரை, தாமரை, இதழ்கள் என்று மூன்று முடிச்சுகள். ஆ) ஒரு தாமரையில் 9 துண்டுகள், ஐந்து தாமரையில் 45. இ) குடும்பு ஒன்றுக்குக் கட்டு எடுக்க ஒரு முறை, ஓலை எடுக்க ஒரு முறை. ஆக, 60 முறை!

விடை சரியாக வந்ததா? வராதவர்கள் கரையைத் திறந்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து எண்ணிப் பாருங்கள். வந்தவர்கள் பக்கத்தில் இருக்கும் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள்!